என்ன பத்தியம், டாக்டர்?

விரல்களை முடக்கும் சரவாங்கிக்கு மதுரை வீடுகளில் கீரை கொதிக்கிறது, நெல்லிக்காய் நசுங்குகிறது, மஞ்சள் கரைகிறது. இவற்றில் எது உதவுகிறது, எது காலத்தைக் கடத்துகிறது?

காலை ஆறரை மணி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெளியே, டீக்கடையை ஒட்டிப் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார் அந்தப் பூக்கார அக்கா. வயது நாற்பதைத் தாண்டி இரண்டோ மூன்றோ இருக்கும். எதிரே ஈரத்துணி போர்த்திய கூடையில் மல்லி மொட்டு. நார் நனைந்து தயாராகக் கிடக்கிறது. கை மட்டும் கூடைப் பக்கம் போகவில்லை. டீ மாஸ்டர், யாரும் கேட்காமலே, ஒரு அகலச் சட்டியில் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார். அக்கா இரண்டு கைகளையும் அதில் முக்கிக்கொண்டு, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

“ஒம்போது மணி வரைக்கும் இது என் கையே இல்ல தம்பி. யாரோ கட்டைய எடுத்து ஒட்டி வச்ச மாதிரி இருக்கும்.”

மல்லி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது விரலுக்கு எவ்வளவு வேலை என்று புரியும். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை. இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்புகளைக் கவ்விப் பிடிக்க, வலது கை நாரைச் சுற்றி, சுழித்து, சுண்டி இழுக்க வேண்டும். ஒரு முழத்துக்குள் இந்தச் சுழி எத்தனை முறை வரும் என்று எண்ணிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் கட்டி முடித்தால்தான் காசு. அக்காவின் விரல் மடங்குகிற நேரமும் வெயில் ஏறுகிற நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

எட்டு மாதமாக இப்படித்தான். தினமும் முடக்கத்தான் சாறு குடிக்கிறார். கத்திரிக்காய் தொடுவதில்லை, உருளைக்கிழங்கு இல்லை, புளி இல்லை, முட்டை இல்லை, மீன் இல்லை. ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குகிறது. டாக்டரைப் பார்க்கவில்லையா என்றேன்.

“பாக்காம? எழுதிக் குடுத்தாரு. இதுக்குப் பத்தியம் என்னானு கேட்டேன். ஒன்னுமில்லம்மா, எல்லாம் சாப்புடுங்கன்னுட்டாரு. பத்தியமே இல்லாத மருந்து என்னா மருந்து? பத்து நாள் போட்டேன், விட்டுட்டேன்.”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் எழுதியது.

எதிரி வீட்டுக்குள்ளே

பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். முடக்குவாதம் என்றால் எல்லோருக்கும் புரியும். சித்த மருத்துவர்கள் உதிர வாத சுரோணிதம் என்ற பழைய பெயரோடு இதை இணைத்துப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ஆர்.ஏ.’ என்று இரண்டே எழுத்து. காய்ச்சல் கிருமியோடு சண்டை போட வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் அடையாளம் தெரியாமல் மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் நோய். சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்துக் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. அதுவும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும், வீட்டு வேலை தலைக்கு மேல் கிடக்கும் வயதில்.

டெல்லிக்கு அருகே கிராமங்களில் நடந்து 1993-ல் வெளியான கணக்கெடுப்பு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-ல் 30 லட்சம். அந்த விகிதத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், குத்துமதிப்பாகப் பதினைந்தாயிரம் பேர் தேறுவார்கள்.

பெட்டிச் செய்தி: தேய்மானமா, சரவாங்கியா?

காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கம் கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டால், பெரும்பாலும் வயதால் வரும் தேய்மானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் சரவாங்கியைச் சந்தேகிக்க வேண்டும்.

தேய்மானம் முழங்காலையும் விரல் நுனி மூட்டையும் பிடிக்கும். சரவாங்கி மணிக்கட்டு, விரல் முட்டி, விரலின் நடு மூட்டு, பாதத்தின் முன்பகுதி என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கும். விரல் நுனி மூட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கும் மாதக்கணக்கில் மூட்டு வலி இருக்கலாம். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளோடு கையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டரும் வேண்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் நோய் இருக்கலாம்.

1948

இந்த ஊரில் சரவாங்கியைப் பற்றி எழுதிவிட்டு ஒரு ஜோடிக் கைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கைகள்.

1918-ல் எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லியிலும் படித்து, ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. முப்பது வயதுக்குள் சரவாங்கி பிடித்தது. 1948-ல் ராணுவம் அவரை விடுவித்தது. மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நிற்கவும் பேனா பிடிக்கவும் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது என்று ஆனபிறகு கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிப்போன விரல்களில் கத்தியைப் பிடித்துப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். பணி ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். 2006-ல் மறையும்போது வயது 87.

மதுரைக்காரர்கள் இந்தக் கதையை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். சரிதான். ஆனால் படத்தில் அந்த விரல்களைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது வேறு: அவை வளைந்த காலத்தில் வளைவதைத் தடுக்கும் மருந்தே கிடையாது. மன உறுதி அவரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனது, விரலை நிமிர்த்தவில்லை.

அதே 1948-ல் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சரவாங்கியால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு, பின்னாளில் கார்டிஸோன் என்று பெயர் பெற்ற ஸ்டீராய்டை முதன்முதலாகப் போட்டார்கள்; சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் அதற்கு நோபல் பரிசு. ஸ்டீராய்டின் பின்விளைவுகள் தெரிய வந்தது அதன் பிறகு. மற்றொன்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் நியூயார்க் அருகே காலமானது. அவர் விட்டுப்போனதில் ஒரு பொருள் இன்று பூக்கார அக்காவின் மருந்துச் சீட்டில் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம், முதலில் சமையல்கட்டு.

வாழைப்பூவும் மோரும்

‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ என்ற சொல் இப்போது டீத்தூள் பாக்கெட் முதல் முகக் கிரீம் வரை இருக்கிறது. பொருள் புரிய நம் அடுப்படியே போதும். வாழைப்பூவை ஆய்ந்து அப்படியே வைத்தால் கறுத்துவிடும். மோர் கலந்த தண்ணீரில் போட்டால் வெளுப்பாக இருக்கும். கறுக்க வைப்பது காற்றிலுள்ள ஆக்ஸிஜன். அதை மட்டுப்படுத்துவது மோரின் புளிப்பு. உடம்புக்குள் நடப்பது இதைவிடச் சிக்கலானது, ஆனால் ஜாதி ஒன்றுதான். வீங்கிய மூட்டுக்குள் குவியும் வெள்ளணுக்கள், கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆக்ஸிஜன் சார்ந்த காரமான பொருட்களை ஓயாமல் கக்குகின்றன. அவை சவ்வையும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கேரட்டுக்கும் முருங்கைக் கீரைக்கும் உரிய பீட்டா கரோட்டின், காய்கனிகளுக்கு நிறமும் துவர்ப்பும் தரும் பாலிஃபீனால்கள் எல்லாம் அந்தக் காரத்தைத் தணிக்கும் சரக்குகள்.

அப்படியானால் இவற்றை மாத்திரையாக விழுங்கினால் நோய் அடங்க வேண்டுமே? அமெரிக்காவில் சுமார் 39,000 பெண்களை வைத்துப் பத்து வருடம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 600 யூனிட் வைட்டமின் ஈ. மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. சரவாங்கி வருவதில் இரு தரப்புக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2008-ல் முடிவு வெளியானது. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கத்தின் 2022-ம் ஆண்டு வழிகாட்டுதல், சரவாங்கிக்காகச் சத்து மாத்திரைகள் வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது. அதே வழிகாட்டுதல் காய்கனி, பருப்பு, முழுதானியம், மீன், நல்ல எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் நாட்டுக்காரர்கள் சாப்பிடும் முறையை ஏற்கிறது. ஸ்வீடனில் 2003-ல் வெளியான ஆய்வில், அப்படி மூன்று மாதம் சாப்பிட்ட நோயாளிகளுக்கு வீக்கமும் வலியும் ஓரளவு குறைந்தன. ஓரளவு என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். மருந்தை நிறுத்தியவர்களுக்கு அல்ல, மருந்தோடு சாப்பிட்டவர்களுக்கு.

மாத்திரையில் தோற்பது தட்டில் ஏன் கொஞ்சமாவது ஜெயிக்கிறது? தட்டில் ஒரே ஒரு சரக்கு வருவதில்லை. நாருள்ள உணவு வந்தால் எண்ணெயும் மாவும் குறைகிறது, எடை இறங்குகிறது, குடல் சீராகிறது. இடுப்புக் கொழுப்பே வீக்கத்தைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கும் என்பதால், நாலு கிலோ குறைந்தாலே மூட்டுக்கு இரட்டை லாபம்.

இந்த இடத்தில் நெல்லிக்காய்க்கு ஒரு வார்த்தை. அழகர்கோயில் அடிவாரத்தில் கூறுகட்டி விற்கும் அந்தக் காயில் 100 கிராமுக்கு 250 மில்லிகிராம் அளவு வைட்டமின் சி இருப்பதாக ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை சொல்கிறது. கொய்யா 200-ஐத் தாண்டும். ஆரஞ்சில் இவற்றைவிட வெகு குறைவுதான். ஆனால் நெல்லிக்காய் செய்யும் உருப்படியான வேலை மூட்டில் இல்லை, ரத்தத்தில். சரவாங்கிக்காரர்களில் நிறையப் பேருக்கு ரத்தசோகை உண்டு. கீரையிலுள்ள இரும்புச்சத்து எளிதில் உடம்பில் ஒட்டாது. கூடவே நெல்லிக்காய்த் துவையலோ எலுமிச்சையோ இருந்தால் கூடுதலாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதையும் கெடுத்துவிடும்.

மலிவு மீனின் மவுசு

உணவிலிருந்து வரும் பொருட்களில் சரவாங்கிக்கு ஓரளவு வலுவான சாட்சியம் மீன் எண்ணெய்க்குத்தான். ஆஸ்திரேலியாவில் 2015-ல் வெளியான ஆய்வில், நோய் புதிதாக வந்தவர்களுக்கு வழக்கமான மருந்துகளோடு தினமும் 5.5 கிராம் ஒமேகா-3 கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குப் பெயருக்குக் கொஞ்சம். அதிகம் பெற்றவர்களுக்கு மருந்து தோற்றுப்போவது குறைந்தது, நோய் அடங்குவது கூடியது.

5.5 கிராம் சாப்பாட்டில் வராது. ஆனால் ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து மதுரைக்கு வந்திறங்கும் மத்தி மீனில் 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை கிடைக்கும். மதுரையில் மீனென்றால் அயிரைக்கும் விராலுக்கும்தான் மரியாதை. மத்தி என்றால் “நாத்தம்” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கேரளத்துக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வாரம் இரண்டு மூன்று நாள், முக்கிப் பொரிக்காமல் குழம்பாக வைத்துச் சாப்பிடுவது சரவாங்கிக்காரருக்கு மட்டுமல்ல, அவர் இதயத்துக்கும் நல்லது. இதயம் என்று சும்மா சொல்லவில்லை: இந்த நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் பிபியையும் கொழுப்பையும் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

சைவக்காரர்களுக்கு ஆளி விதையும் அக்ரூட்டும் உண்டு. ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடம்புக்குள் போய் மீன் வகையாக மாறுவது கொஞ்சமே.

பெட்டிச் செய்தி: மஞ்சள் கணக்கு

கேரளத்தின் மூவாற்றுப்புழையில் 45 சரவாங்கி நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான சிறிய ஆய்வில், மஞ்சளின் சாரமான குர்குமின் 500 மில்லிகிராம் மாத்திரை, டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைக்கு இணையாக வலியைக் குறைத்தது. எலும்பு அரிப்பைத் தடுத்ததா என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை.

மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். 500 மில்லிகிராம் வேண்டுமென்றால் 16 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் விழுங்க வேண்டும். சாம்பாரில் போடும் கால் ஸ்பூன் அதன் பக்கத்தில்கூட வராது.

குர்குமின் ரத்தத்தில் எளிதில் சேராது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-ல், மிளகின் காரச் சத்தான பைப்பரின் சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடுவதைக் கண்டார்கள். மஞ்சளோடு மிளகு தட்டிப் போட்ட பாட்டிக்கு ஒரு கும்பிடு.

அதே காரணத்தால் எச்சரிக்கை: மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். சரவாங்கிக்கு முதலில் எழுதும் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர் டாக்டரிடம் சொல்லாமல் தொடக்கூடாது. சமையல் மஞ்சளால் பயமில்லை.

முடக்கை அறுத்தானா?

வேலியில் படரும் முடக்கத்தானைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பலூன் மாதிரி காய். உடைத்தால் உள்ளே கறுப்பு விதை, அதில் வெள்ளையாக ஒரு இதயக் குறி. முடக்கு அறுத்தான் என்பதே பெயராகிவிட்டது. அரிசியோடு அரைத்துத் தோசை ஊற்றினால் லேசான கசப்போடு நன்றாகவே இருக்கும். எலிகளிடமும் ஆய்வுக்கூடத்திலும் அதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் கடந்துவந்த மாதிரிப் பெரிய மனிதப் பரிசோதனைகளை அது கடக்கவில்லை. தோசையாகச் சாப்பிடலாம், தாராளமாக. அதை நம்பி மாத்திரையை விட்டதுதான் கோளாறு.

பாரம்பரிய மருத்துவத்தை ஒரேயடியாகத் தள்ளவும் எனக்கு மனமில்லை. கோயம்புத்தூரில் 43 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆயுர்வேதம், ஒன்றுக்கு மெத்தோட்ரெக்ஸேட், ஒன்றுக்கு இரண்டும் கொடுத்து 36 வாரம் பார்த்த ஆய்வு 2011-ல் வெளியானது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பலன் தந்தன. 43 பேரை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் கவனிக்க ஒன்று இருக்கிறது: அங்கே ஆயுர்வேதம் என்பது படித்த வைத்தியர் ஆளுக்கு ஆள் தேர்ந்து கொடுத்த முறையான சிகிச்சை. வாட்ஸ்அப்பில் வந்த ஜூஸ் அல்ல.

பத்தியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்த வைத்தியத்தில் பத்தியம் தனியாக நிற்காது. இந்த மருந்துக்கு இந்தப் பத்தியம் என்று மருந்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.  நாம் இப்போது மருந்தை விட்டுவிட்டுப் பத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதையே மருந்து என்கிறோம். எந்தப் பழைய வைத்தியரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சித்தியின் பொட்டலம்

மேலூரில் இருக்கும் என் சித்திக்கு இந்த நோய் வந்தது ஐம்பது வயதில். டாக்டர் கொடுத்த மாத்திரையில் மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் நிறுத்திவிட்டார். ‘வாழ்நாள் பூரா இங்கிலீஷ் மருந்தா’ என்று கேட்க ஆள் இல்லாத தெரு எது? மறுபடி வலி வந்தபோது யாரோ ஒருவர் வாங்கித் தந்த பொடி. பெயர் இல்லை, முகவரி இல்லை, காகிதத்தில் மடித்த சாம்பல் நிறப் பொட்டலம். மூன்றே நாளில் வலி மாயம். “பாத்தியா, என்னா மாதிரி கேக்குது!” என்று போனில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆறு மாதத்தில் முகம் வட்டமாக உப்பியது. இல்லாத சர்க்கரை வந்தது, பிபி ஏறியது. வலியை இரண்டு மூன்று நாளில் மாயமாக்கும் பொடிகளில் பல நேரம் ஒளிந்திருப்பது ஸ்டீராய்டு என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டியிருந்தது. நோய் சும்மா இருக்கவில்லை. வலி தெரியாத அந்த மாதங்களிலெல்லாம் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இன்றைக்குச் சித்தியின் வலது கை விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. தோசைக் கரண்டியின் காம்பில் பழைய சேலைத் துணியைச் சுற்றித் தடிமனாக்கி வைத்திருக்கிறார். அப்போதுதான் பிடிக்க வருகிறது. சோற்றுப் பானையை இரண்டு முன்கைகளாலும் அணைத்துத்தான் இறக்குகிறார். சட்டையின் மேல் பொத்தானைப் பேரன் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டான்.

இந்த நோயில் முதல் ஆறு மாதம் தங்கம். அதற்குள் மருந்து தொடங்கினால் எலும்பு அரிப்பு வெகுவாகத் தடுக்கப்படுகிறது. ஒரு தடவை வளைந்த விரலைக் கீரையும் நிமிர்த்தாது, மாத்திரையும் நிமிர்த்தாது.

பத்தியம் உள்ள மாத்திரை

இப்போது சுப்பாராவ். பீமாவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவர் வழிநடத்திய குழு 1940களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. லத்தீனில் இலைக்குரிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால் வைத்தது. பிறகு அதே குழு, அந்த இலைச் சத்தைப் போலவே வேஷம் கட்டி அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களைச் செய்தது. ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த அந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்குக் கொடுப்பதில் சிறு பங்கை வாரம் ஒருமுறை கொடுத்தால் சரவாங்கி அடங்குகிறது என்பது 1980களில் உறுதியானது. இன்று உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து இதுதான். விலையும் மலிவு.

‘இந்த மாத்திரை போட்டால் கீரை சாப்பிடலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். மாத்திரை பறிக்கும் இலைச் சத்தை ஈடுகட்டத்தான் டாக்டர் தனியாக ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுகிறார்.

பெட்டிச் செய்தி: மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு உண்டு பத்தியம்

வாரம் ஒரே நாள். தினம் போட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. வீட்டில் எல்லோருக்கும் இந்த நாள் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபோலிக் அமிலம் டாக்டர் சொன்ன வேறு நாளில்.

மது ஆகாது, கல்லீரலைச் சேர்ந்து தாக்கும். பீடி, சிகரெட் நோயையே முற்ற வைக்கும்.

கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். பத்து நாளில் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எழுதியிருந்தால் அவ்வப்போது கண் விழித்திரைப் பரிசோதனை.

தட்டில் என்ன?

பூக்கார அக்காவின் தட்டில் குறைந்ததில் கவலைப்பட வேண்டியது புளி அல்ல, புரதம். இந்த நோய் தசையையும் தின்னும். முட்டையையும் மீனையும் பருப்பையும் ஒதுக்கினால் வலியோடு பலவீனமும் சேரும். கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு மூட்டை வீங்க வைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகமிருந்தால் ஒரே ஒரு பொருளை இரண்டு வாரம் நிறுத்தி, மறுபடி சாப்பிட்டுப் பார்க்கலாம். நாலு பொருளை ஒன்றாக நிறுத்தினால் எது குற்றவாளி என்றே தெரியாது.

பட்டினியும் பேசப்படுகிறது. நார்வேயில் 1991-ல் வெளியான ஆய்வில், ஒரு வாரம் பத்து நாள் உபவாசம் இருந்து பிறகு ஒரு வருடம் சைவ உணவுக்கு மாறியவர்களுக்கு நிவாரணம் தெரிந்தது. ஆனால் உபவாசத்தில் அடங்கும் வலி, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் திரும்பிவிடும். ஏற்கெனவே எடை இழந்தவருக்கு அது வம்பு.

மதுரையிலேயே கிடைப்பதை வைத்து ஒருநாள் சாப்பாடு போட்டுப் பாருங்கள்: காலையில் கேழ்வரகு அடையோ கூழோ, ஒரு முட்டை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவு கால்சியம் உண்டு. ஸ்டீராய்டு சாப்பிட்டு எலும்பு மெலிந்தவர்களுக்கு இது முக்கியம். மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரை மசியல், பருப்பு, மத்திக் குழம்பு அல்லது கொள்ளு. மாலையில் சுண்டல், ஒரு கொய்யா. தாளிக்க நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ, அளவோடு. ஆலிவ் எண்ணெய் தேடி ஷாப்பிங் மால் போக வேண்டாம். ஆட்டுக்கால் சூப்? குடித்த ஜவ்வு நேராக மூட்டுக்குப் போய் ஒட்டாது. சூடாக இருக்கிறது, சுவையாக இருக்கிறது, குடியுங்கள். ஜிகர்தண்டாவைப் பற்றிக் கேட்டால் எழுதியவன் இதே ஊர்க்காரன் என்பதால் பதில் கொஞ்சம் பாரபட்சமாக இருக்கும்: மாதம் ஒன்று. தினமும் குளிர்பானம் குடித்த பெண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடியதாக அமெரிக்க நர்ஸ்களிடம் நடந்த நீண்ட ஆய்வு 2014-ல் சொல்லியிருக்கிறது.

சாப்பாட்டைவிட அழுத்தமாக அமெரிக்க வழிகாட்டுதல் சொல்வது உடற்பயிற்சியை. வலிக்கிற மூட்டை அசைக்காமல் வைத்தால் நல்லது என்று நினைக்கிறோம். அசைக்காத கதவின் கீல்தான் முதலில் துருப்பிடிக்கும். மூட்டு கொதிக்கிற நாளில் ஓய்வு, அடங்கிய நாளில் நடை.

இரண்டு மாதம் கழித்து

மறுபடி மாட்டுத்தாவணி போனேன். முதல் சந்திப்பில் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்: அந்த மாத்திரைக்கும் பத்தியம் இருக்குக்கா, போய் மறுபடி கேளுங்க. போயிருக்கிறார், இந்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு. எந்தக் கிழமை போடலாம் என்று டாக்டர் இவரையே கேட்டாராம். வெள்ளிக்கிழமை வேண்டாம், பூவுக்கு மவுசுள்ள நாள், மறந்துபோகும் என்று செவ்வாயைச் சொல்லியிருக்கிறார். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டினார். சோற்றின் ஓரத்தில் அவித்த முட்டை ஒன்று.

வெந்நீர்ச் சட்டி வழக்கம்போல வந்தது. எட்டு மணி வரைக்கும் இன்னும் கட்டைதான் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு முதல் நாலு மொட்டை எடுத்து வைத்துச் சுழித்தபோது நார் ஒருமுறை நழுவியது, மறுபடி சுழித்தார். டீ மாஸ்டர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்:

“யக்கா, இன்னைக்குச் செவ்வா.”